வேலை போனால் கையில் என்ன வரும்? ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., சர்வீஸ் காசு பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்த பிள்ளை வேலை போய் வீட்டுக்குத் திரும்பினால் தோட்டத்து லயத்தில் முதலில் வரும் கேள்வி, "ஈ.பி.எஃப். காசை எடுக்கலாம்தானே?" என்பதுதான். வயதான காலத்துக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிச் சேர்க்கும் சேமலாப நிதிதான் ஈ.பி.எஃப். எடுக்க முடியாது. வேலை போனது என்ற ஒரே காரணத்துக்காக 30 வயதில் அந்தக் காசில் கை வைக்கச் சட்டம் இடம் தராது. அப்படியென்றால் வேலை இழந்தவருக்கு என்னதான் இருக்கிறது, அதை எங்கே கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பளச் சீட்டு கையில் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், நம்மிடம் இல்லாத ஒன்றைப் பற்றி. பல நாடுகளில் வேலையிழப்புக் காப்புறுதி இருக்கிறது. கனடாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் "வேலை போயிட்டுது, ஈ.ஐ. எடுக்கிறேன்" என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. இதன் அடிப்படை நம் ஊர் மரண உதவிச் சங்கம் போன்றது: எல்லா வீடும் மாதாமாதம் சின்னத் தொகை கட்டும், எந்த வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டுக்குச் சங்கம் காசு கொடுக்கும், அந்த வீடு அதுவரை எவ்வளவு கட்டியது என்று கணக்குப் பார்த்து அதை மட்டும் திருப்பிக் கொடுப்பதில்லை. வேலையிழப்புக் காப்புறுதியும் அப்படித்தான், வேலையில் இருக்கும் எல்லாரும் கட்டுவார்கள், வேலை போனவர் எடுப்பார்.

மலேசியாவின் கணக்கைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அங்கே 2017ல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டு 2018 ஜனவரியில் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 0.2 சதவீதம், முதலாளி தன் பங்குக்கு 0.2 சதவீதம், மொத்தம் 0.4 சதவீதம்தான். வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொடங்கியபோது வைத்த கணக்குப்படி முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதமும் முழுதாகக் கிடைத்தவருக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டே முக்கால் மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது. அதே 0.4 சதவீதத்தை ஒருவர் தனியாகச் சேர்த்து வைத்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தத் தொகை சேர 56 வருடம் பிடிக்கும். எல்லாரும் சேர்ந்து கட்டுவதால்தான் அது முடிகிறது. ஒரு விஷயம், மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் ஆட்களுக்கு இது கிடைக்காது, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அந்தத் திட்டம் சேர்த்துக்கொள்வதில்லை.

எந்த நாட்டில் என்றாலும் நிபந்தனைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். குறிப்பிட்ட காலம் பணம் கட்டியிருக்க வேண்டும், வேலை உங்கள் விருப்பத்தால் போயிருக்கக் கூடாது, களவு ஏமாற்று என்று வெளியே அனுப்பப்பட்டிருக்கக் கூடாது, அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். முழுச் சம்பளமும் வராது, காலமும் அளவுதான். கனடாவில் பொதுவாகச் சம்பளத்தின் 55 சதவீதம், அதுவும் ஓர் உச்ச வரம்புக்குள், கூடியது 45 கிழமை.

இலங்கையில் இப்படியொரு நிதி இல்லை. வேலையிழப்புக்கான கொடுப்பனவை சமூகப் பாதுகாப்பின் 9 கிளைகளில் ஒன்றாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952லேயே தன் 102ஆம் இலக்கச் சமவாயத்தில் எழுதி வைத்திருக்கிறது, நாம் இன்னும் அதற்கு வந்து சேரவில்லை. 2020ல் கொரோனா நேரம் வேலைக்குக் கூப்பிடப்படாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அதைக் கொடுப்பது என்று அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் காசு முதலாளியின் கையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது, பொதுவான நிதி எதுவும் பின்னால் இல்லை. முதலாளியே கடையை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, இனி நம்மிடம் இருப்பவை.

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 சதவீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்குக்குக் குறைந்தது 12 சதவீதம் போட வேண்டும், ஆக மொத்தம் 20. பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி, ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்த்து நடவடிக்கை எடுப்பது தொழில் திணைக்களம், அதாவது நாம் லேபர் ஆபீஸ் என்று சொல்வது. ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதம் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் முதலாளிக்குத் தண்டம் உண்டு, பிந்தும் காலத்தைப் பொறுத்து 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும்.

தேயிலைத் தோட்டத்துக் கணக்காகவே பார்ப்போம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதத்தில் 20 நாள் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால் 27,000. இதில் உங்களிடம் வெட்டுவது 2,160, கம்பனி போட வேண்டியது 3,240, ஈ.பி.எஃப். கணக்கில் ஏற வேண்டியது 5,400. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். கொழுந்து குறைவு என்று அரைப்பேர் போட்டால் அன்றைய சம்பளம் மட்டும் பாதியாவதில்லை, அந்த நாளுக்குரிய ஈ.பி.எஃப்.பும் ஈ.டி.எஃப்.பும் பாதியாகிவிடும். நாட்சம்பளம் இல்லாமல் கிலோக் கணக்கில் கைக்காசுக்குப் பறிக்கும் நாட்களில் பல இடங்களில் எதுவுமே ஏறுவதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தற்காலிகமாகச் செய்தாலும், நாட்கூலிக்குச் செய்தாலும், கிலோக் கணக்குக்குச் செய்தாலும் ஒருவரின் கீழ் வேலை செய்கிற தொழிலாளி என்றால் முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டும். 8 சதவீதத்தை வெட்ட மறந்துவிட்டோம் என்று பிறகு முதலாளி சொன்னாலும் மொத்தம் 20 சதவீதத்தையும் கட்ட வேண்டிய பொறுப்பு அவருடையதுதான்.

தோட்டங்களில் கிளாக்கர் மாதிரி உத்தியோகத்தில் இருக்கும் பலருக்கு ஈ.பி.எஃப்.புக்குப் பதிலாக இ.எஸ்.பி.எஸ். என்ற தோட்டச் சேவையாளர் சேமலாபச் சங்கத்தில் பணம் சேரும். அங்கே விதிகள் தனி, ஆகவே உங்களுடையது எதில் இருக்கிறது என்று முதலில் சம்பளச் சீட்டில் பாருங்கள்.

இந்தப் பணத்தை எப்போது எடுக்கலாம்? ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகி வேலையை விட்டால். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள் அதற்கு முன்னும் எடுக்கலாம். உடம்பு நிரந்தரமாக இயலாமல் போனால், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால், ஓய்வூதியம் உள்ள அரசாங்க வேலைக்குப் போனால் எடுக்கலாம். உறுப்பினர் இறந்தால் அவர் பெயர் கொடுத்து வைத்தவர்களுக்குப் போகும். இதைவிட, 10 வருடம் பணம் கட்டி 3 இலட்சத்துக்கு மேல் மீதி இருந்தால், வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வழியும் இருக்கிறது. வேலையிழப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

அதுவும் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈ.பி.எஃப். உங்கள் சொந்தக் காசு, வயதான காலத்துக்கு இருக்கும் ஒரே காசு, தோட்டத்தில் வேலை செய்தவருக்கு அதற்குப் பிறகு ஓய்வூதியம் என்று எதுவும் வரப்போவதில்லை. ஒவ்வொரு முறை வேலை போகும்போதும் அதை எடுத்துச் சாப்பிட்டால் 55 வயதில் பூச்சியம்தான் நிற்கும். நாம் கேட்க வேண்டியது எல்லாரும் சேர்ந்து கட்டும் ஒரு தனி நிதியை. கலியாணத்துக்கு என்று ஈ.பி.எஃப்.பை எடுக்கிற பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்வேன், சட்டம் விடுகிறது என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, அந்தக் காசு விட்ட இடத்திலேயே வட்டியோடு கிடக்கும்.

வேலை போன உடனே கேட்கக்கூடியது ஈ.டி.எஃப்., ஊழியர் நம்பிக்கை நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், 1981 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதற்கு உங்களிடம் ஒரு சதம்கூட வெட்டக் கூடாது, முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் ஈ.டி.எஃப். என்று போட்டு உங்கள் கணக்கில் கழித்திருந்தால் அது தவறு, உடனே கேளுங்கள். வேலையை விட்டாலும் வேலையிலிருந்து நிறுத்தினாலும் வயது பார்க்காமல் இதை எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆகவே சின்னத் தொகை சேர்ந்திருக்கும்போது அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அடுத்த வேலை போகும் நேரம் கையை விரிக்க வேண்டி வரும். மாதம் 40,000 சம்பளத்தில் 4 வருடம் வேலை செய்தவருக்கு மாதம் 1,200 வீதம் 57,600 ரூபாயும் அதற்கான வட்டியும் சேர்ந்திருக்கும். ஒன்றரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். ஈ.டி.எஃப்.பில் இன்னும் சில உதவிகள் இருக்கின்றன, கண்ணுக்கு லென்ஸ் வைப்பது, இருதய சத்திரசிகிச்சை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பணம், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதி என்று. இவை வேலையில் இருக்கும்போதே கேட்கலாம், நம் பக்கத்தில் கேட்பவர்கள் குறைவு.

அடுத்தது சர்வீஸ் காசு, சட்டத்தில் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம், நீங்கள் அங்கே 5 வருடம் முடித்திருக்கிறீர்கள், இந்த இரண்டும் சரியென்றால் வேலை எப்படி முடிந்தாலும், நீங்களாக விட்டாலும்கூட, இது உங்களுக்கு வர வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 1,350 என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு 18,900, 20 வருடம் செய்தவருக்கு 3,78,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் இதற்கும் தண்டம் உண்டு. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தியது போன்ற காரணம் இருந்தால் மட்டும், அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான், இதில் வெட்டலாம். "நீ திடீரென்று நின்றுவிட்டாய், அதனால் சர்வீஸ் காசு இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இது எல்லாவற்றையும்விட முக்கியமானது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரை வேலை நீக்கம் செய்வது பற்றியது. 15 பேருக்குக் குறையாத இடத்தில், கடைசி 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், வியாபாரம் இல்லை ஆள் கூடிவிட்டது என்று நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது, திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லியும் நின்ற காலத்துச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லியும் ஆணையாளர் உத்தரவிடலாம்.

அனுமதி கொடுத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6ஆம் வருடத்திலிருந்து 14ஆம் வருடம் வரை வருடத்துக்கு 2 மாதச் சம்பளம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும், எல்லாம் சேர்த்து 25 இலட்சத்துக்கு மேல் போகாது. மாதம் 40,000 வாங்கி 7 வருடம் வேலை செய்தவருக்குப் பன்னிரண்டரையும் நான்கும் சேர்ந்து பதினாறரை மாதம், 6,60,000 ரூபாய். அவருடைய ஈ.டி.எஃப்.பையும் சர்வீஸ் காசையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எது பெரியது என்று தெரியும். வேலையிழப்புக்கென்று நம் சட்டத்தில் இருக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான், இதைத்தான் நம் பிள்ளைகள் ஒரு கையெழுத்தில் இழக்கிறார்கள்.

எப்படி என்றால், "உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், விலகுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, இந்த மாதச் சம்பளத்தை இப்போதே தந்துவிடுகிறோம், வேறு இடத்துக்கு நல்ல கடிதமும் தருகிறோம்" என்பார்கள். கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முன்கூட்டியே அடித்து வைத்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடமே நீங்கள் நிறுத்தப்பட்டவர் இல்லை, விலகிப் போனவர். ஆகவே வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள், அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நாளைக்கு வராதே என்று வாயால் மட்டும் சொன்னால், "இன்ன திகதியில் வேலைக்கு வந்தேன், வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்" என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் 6 மாதத்துக்குள் லேபர் ஆபீசில் முறைப்பாடு கொடுங்கள். ஒழுக்காற்று என்று குற்றம் சாட்டி நிறுத்தியிருந்தால் போக வேண்டிய இடம் தொழில் நியாய சபை, அதற்கும் 6 மாதம்தான் தவணை. ஊருக்கு வந்து தீபாவளி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று இருந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

பெயரும் இலக்கமும்

நம் மக்களுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறிய பெயர், செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பதிவில் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய இன்னொரு பெயர். தமிழ்ப் பெயரை ஒருவர் சிங்களத்தில் எழுதி, இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அது வேறொரு ஆளாகவே போய்விடுகிறது. காசு கேட்கும் நாளில்தான் இது தெரிய வருகிறது, 30 வருடம் கொழுந்து பறித்த அம்மா தானும் அந்தப் பெயருக்குரியவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம சேவகரிடம் கடிதம், தோட்டத்தில் உறுதிக் கடிதம் என்று அலைய வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். வேலையில் இருக்கும்போதே இதைத் திருத்துவது எவ்வளவோ சுலபம், ஏனென்றால் ஆபீசும் அங்கேயே இருக்கிறது, பதிவு வைத்திருக்கும் ஆளும் அங்கேயே இருக்கிறார். உங்கள் ஈ.பி.எஃப். இலக்கம், பி கார்டு என்கிற ஈ.பி.எஃப். உறுப்பினர் அட்டையில் உள்ள பெயர், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய வங்கியில் உள்ள உங்கள் கணக்குக் கூற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மாதமாவது விடுபட்டிருந்தால் அந்த மாதத்துச் சம்பளச் சீட்டுதான் சாட்சி, ஆகவே சீட்டுகளை எறிய வேண்டாம். கொழும்பில் ஒவ்வொரு கடையாக மாறி வேலை செய்த பிள்ளைகளுக்கு ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு இலக்கம் இருக்கும், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நாம் இறந்தால் காசு யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுப்பதும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா பெயரைக் கொடுத்திருப்பீர்கள், இப்போது கலியாணமாகிப் பிள்ளைகள் இருக்கும், மாற்றாமல் விட்டால் உங்களுக்கு ஏதும் நடந்தால் மனைவி மக்கள் அந்தக் காசுக்காக அலைய வேண்டி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பல தோட்டங்களில் தேயிலைக் காணியைப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு எடுக்கும் முறை வருகிறது. கையில் வரும் காசு கூடலாம், நேரமும் நம் வசத்தில் இருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தம் உங்களைத் தொழிலாளி என்று சொல்கிறதா, வெளி உற்பத்தியாளர் என்று சொல்கிறதா என்று பாருங்கள். தொழிலாளி இல்லையென்று எழுதியிருந்தால் மேலே எழுதிய 12 சதவீதமும் 3 சதவீதமும் சர்வீஸ் காசும் நட்டஈடும் அன்றோடு நின்றுவிடும். கிலோ விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகைகளையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். தோட்டம் இந்த முறைக்கு மாறும் நாளில் அதுவரை செய்த சர்வீசுக்குரிய காசையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

முறைப்பாட்டுக்கு யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை எல்லா இடத்திலும் லேபர் ஆபீஸ் இருக்கிறது, முறைப்பாடு கொடுக்கக் காசு கேட்க மாட்டார்கள், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம் இருந்தால் அதன் பிரதி, வேலை செய்த இடத்தின் சரியான பெயரும் விலாசமும் கொண்டு போங்கள். கொடுத்ததற்கு ஓர் இலக்கம் தருவார்கள், அதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள், அடுத்த தடவை போகும்போது உங்கள் கோவையைத் தேடி எடுப்பது அந்த இலக்கத்தை வைத்துத்தான்.